பனியன் ஊரில் பனிச்சீவல்

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். மாதச் சம்பளமெல்லாம் அலுவலக அறைக்குள் இருப்பவர்களுக்கு. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் செக்கிங், அயர்ன் மேசைகளில் நிற்பவர்களுக்கும் வாரக் கணக்குதான். அன்று இரவு ஒன்றரை ஷிப்ட் முடிந்து கம்பெனிகளின் கதவு திறக்கும்போது தெருவின் முகமே மாறிவிடுகிறது. ரயில் நிலையம், குமரன் சாலை, காதர்பேட்டை, பழைய பேருந்து நிலையம் என்று எங்கு திரும்பினாலும் தள்ளுவண்டிகள். வறுத்த கடலை, பானிபூரி, காளான், சுண்டல். ஏப்ரல், மே என்றால் அவற்றுக்கு நடுவே வண்ணவண்ணப் பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்து, சீவிய ஐஸில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் கோலா வண்டி. அந்த வண்டிகளைத் தேடித்தான் இந்தக் கோடையில் திருப்பூர் போனேன்.

நான் நனிசைவன், வீகன் என்றால் இன்னும் பலருக்குப் புரியும். புலால் மட்டுமல்ல, பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எதையும் உண்பதில்லை. கன்றுக்குச் சுரந்தது கன்றுக்கே என்பது என் தீர்மானம். தமிழ்நாட்டில் இப்படி வாழ்வது வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோல அவ்வளவு கடினமல்ல. நெய் ஊற்றாத இட்லி, புளிக்குழம்பு, ரசம், பொரியல், சுண்டல், கொழுக்கட்டை என்று நாள் பூராவும் சாப்பிடலாம். இடிக்கிற இடம் இரண்டு. ஒன்று டீக்கடை. இன்னொன்று கோடைக்காலத்துக் குளிர்பானக் கடை. ரோஸ்மில்க், பாதாம்பால், லஸ்ஸி, குல்பி, சேமியா ஐஸ், பால் ஐஸ், ஜிகர்தண்டா என்று பலகையில் எழுதியிருக்கும் எல்லாவற்றிலும் பால். குளிர்ச்சியும் பாலும் ஒன்று என்றே ஊர் பழகிவிட்டது. மே மாத வெயிலில் நண்பர்கள் ஆளுக்கொரு கோப்பையோடு நிற்க, நனிசைவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திருகிக்கொண்டிருப்பார்.

அதிலும் கொங்கு நாடு பாலுக்கும் மாட்டுக்கும் பேர்போன சீமை. ஈரோட்டிலிருந்து ரயிலில் வந்தால் திருப்பூருக்கு முன்னால் ஊத்துக்குளி. ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். கிழக்கே காங்கேயம், அந்தக் காளைகளின் திமிலையும் நடையையும் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். கம்பெனிகளில் காலை ஒரு டீ, மாலை ஒரு டீ என்பது எழுதாத சட்டம். நான் வரக்காப்பிதான் கேட்பேன். இந்தப் பக்கத்தில் வரக்காப்பிக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. தோட்டத்து வீடுகளில் இன்றும் அதுதான் காலைப் பானம்.

இன்னொரு வகையிலும் இந்த ஊர் எனக்கு நெருக்கமானது. கம்பளியும் பட்டும் உடுத்தாத ஒருவனுக்குப் பருத்தி பின்னும் ஊர் சொந்த ஊர் மாதிரி. இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் பின்னலாடையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். அத்தனை பனியனையும் தைக்கிற கைகள் இரவு வீட்டுக்குப் போகும் வழியில் வாங்கித் தின்னும் குளிர்ச்சி எது என்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சட்டைகளைக் குவித்துக் கூவி விற்கிற தெருவின் முனையில் முதல் வண்டி. வைத்திருந்தவர் பீகார்க்காரர். திருப்பூர் வந்த புதிதில் பேக்கிங்கில் வேலை பார்த்தாராம். கோடையில் மட்டும் இந்த வண்டி. அவருடைய தமிழில் கொங்குத் தமிழின் 'ங்' நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பிளேவருங்ணா? மலாய் போடட்டுங்களா?"

"மலாய் வேண்டாம். பால், கிரீம் எதுவும் வேண்டாம். சிரப் மட்டும்."

"அப்போ சாதா கோலா. வெல கம்மிங்ணா."

இந்த ஒரு பதில்தான் இந்தப் பயணத்தில் நான் கண்டுகொண்டதன் சாரம். நகரத்துப் பெரிய கடைகளில் பாலில்லாத ஐஸ்கிரீம் கேட்டால் கூடுதல் விலை சொல்வார்கள். பாதாம் பாலோ ஓட்ஸ் பாலோ ஊற்றிய ஒரு கரண்டிக்கு, இங்கே ஒரு ஹெல்பர் வாங்கும் அரை நாள் கூலியைக் கேட்கும் இடங்களும் உண்டு. திருப்பூர்த் தெருவில் நிலைமை நேர்மாறு. பாலில்லாததுதான் சாதா, எல்லோரும் வாங்குவது, இருப்பதிலேயே மலிவானது. பால் என்பது மேலே போடும் ஆடம்பரம், அதற்குத்தான் தனிக் காசு. நனிசைவம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களை ஒரு சனிக்கிழமை இரவு இந்த வண்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அவர் செய்த விதத்தைச் சொல்கிறேன். சாக்குக்குள் ஒரு பெரிய ஐஸ் கட்டி. அதிலிருந்து உளியால் ஒரு துண்டை உடைத்தெடுத்தார். தச்சர்கள் மரம் இழைக்கும் இழைப்புளியை மல்லாத்தி வைத்ததுபோல ஒரு பலகை, நடுவில் அலகு. துண்டை ஒரு துணியால் பிடித்து அதன்மேல் முன்னும் பின்னுமாகத் தேய்த்தார். கீழே வெள்ளைச் சீவல் குவிந்தது. அதை ஒரு சிறு கண்ணாடி டம்ளரில் அள்ளி, குச்சியைச் செருகி, உள்ளங்கையால் அழுத்தி உருட்டி எடுத்தபோது குச்சி முனையில் ஒரு பனிக்குண்டு. அதை மறுபடி டம்ளரில் நிறுத்தி, மேலிருந்து காலா கட்டா சிரப்பை ஊற்றினார். நாவல்பழத்தின் கருநீலம், எலுமிச்சையின் புளிப்பு, கொஞ்சம் கறுப்பு உப்பு. வட இந்தியாவில் கோலா என்றால் முதலில் கேட்பது இதைத்தான். உறிஞ்ச உறிஞ்ச நிறம் வெளுத்துக்கொண்டே வரும்; வெளுத்ததும் வண்டிக்காரரிடம் நீட்டினால் இன்னொரு தரம் ஊற்றித் தருவார். அதற்குக் காசு கிடையாது. நாக்கு ஊதா ஆவது வரை யாரும் விடுவதில்லை.

என் பக்கத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தாராபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷத்துக்கும் மேலாகத் திருப்பூரில் தைக்கிறவர். பேத்திக்கு ஆரஞ்சு கோலா வாங்கிக்கொண்டிருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங் தம்பி, பாலு ஆகாதுங்களா? டாக்டரு ஏதாச்சும் சொல்லீட்டாங்களா?"

"இல்லீங்கக்கா. நானா விட்டுட்டேன். கன்னுக்குட்டிக்கு உள்ளதை நாம எடுக்க வேண்டாம்னு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கூட்டுலயும் எருமை இருந்துச்சுங். கன்னுக்கு ஒரு காம்பு விட்டுட்டுத்தான் பீச்சோணும்னு எங்க ஆத்தா சொல்லும். இப்ப ஆருங் விடறா? கெடாக்கன்னா இருந்தா அதுக்கப்பறம் கண்ணுலயே படறதில்லீங்" என்றார். நான் பல கூட்டங்களில் புள்ளிவிவரத்தோடு பேசிய விஷயத்தை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அவர் பால் குடிப்பதை நிறுத்தப்போவதில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. பேத்தி ஆரஞ்சு குண்டை எனக்கு நீட்டி ஒரு வாய் பார்க்கச் சொன்னாள்.

சீவிய ஐஸின் மேல் பால் ஊற்றுவது எங்கே தொடங்கியது என்று யோசித்தால், பல நாடுகளில் ஒரே கதைதான் கிடைக்கிறது: பால் பின்னால் வந்து சேர்ந்தது. ஜப்பானில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசவைப் பெண் செய் ஷோனகோன் எழுதிய 'தலையணைப் புத்தக'த்தில், புது உலோகக் கிண்ணத்தில் சீவிய ஐஸும் கொடிச்சாற்றின் இனிப்பும் நேர்த்தியான பொருள்களில் ஒன்றாக வருகின்றன. பாலின் பேச்சே இல்லை. பாரசீகத்து ஷிராஸ் நகரின் ஃபலூதே, மாவுச்சத்தில் பிழிந்த மெல்லிய நூல்களைச் சர்க்கரைப் பாகிலும் பன்னீரிலும் உறையவைத்து எலுமிச்சை பிழிந்து தருவது. அதிலும் பால் கிடையாது. இந்தியாவுக்கு வந்து ஃபலூடாவாகி, பாலும் குல்பியும் சேர்ந்து, இன்றைக்கு நம் கடைகளில் உயரக் கண்ணாடியில் நிற்கிறது. அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856-இல் கெட்டிப்பாலுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, தகர டப்பாவில் அடைத்த பால் வெப்ப நாடுகளுக்கெல்லாம் போனது. மலேசியாவின் ஐஸ் கச்சாங் போல, சீவலின் தலையில் பால் ஊற்றும் பழக்கம் பரவியது டப்பாப் பால் மலிவாகக் கிடைத்த காலத்தில்தான். அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது குறைபட்ட பண்டமல்ல, பழைய பண்டம்.

நமக்கு ஐஸே புதிதுதான். 1833-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட டஸ்கனி என்ற கப்பல், அந்நாட்டுக் குளிர்கால ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கல்கத்தாவில் இறக்கியது. அந்த வணிகத்தை நடத்திய ஃபிரெடெரிக் டியூடர், 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். பின்னாளில் விவேகானந்தர் தங்கி, விவேகானந்தர் இல்லம் ஆன கட்டடம். அன்று துரைமார் வீட்டு மேசைக்கு மட்டும் போன ஐஸ், இன்று காதர்பேட்டையில் சாக்கு மூட்டைக்குள் கிடக்கிறது.

கோலா வந்தது வடக்கத்தித் தொழிலாளர்களோடு. அதற்கு முன்பிருந்தே நம்மூருக்கு என்று ஒரு குளிர்ச்சி உண்டு: நன்னாரி சர்பத். பழைய பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் குடித்தேன். நன்னாரி வேரை இடித்து ஊறவைத்துக் காய்ச்சிய பாகு, பிழிந்த எலுமிச்சை, ஊறிய சப்ஜா விதை, உடைத்த ஐஸ். அங்கே ஐஸைச் சீவித் தரமாட்டார்கள். மரக்கட்டையால் தட்டி நொறுக்கிப் போடுவார்கள். "கொஞ்சம் பொடியா வேணுங்" என்று கேட்டதும் கடைக்காரப் பெரியவர் துணியில் முடிந்து ஓங்கி ஓங்கித் தட்டி, மாவு மாதிரி ஆக்கி, அதன்மேல் பாகை ஊற்றிக் கரண்டியோடு தந்தார். நன்னாரியின் மண்வாசம் ஐஸில் ஏறியதும் அடங்கி, விழுங்கிய பிறகு மூக்கில் எழுகிறது. எந்தச் செயற்கை வாசனைக்கும் இந்த நயம் வராது. இந்த நகரத்தில் ஒரே ஒரு கோப்பைதான் சாப்பிட முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கோலாவை அல்ல.

அங்கே கவனித்த ஒன்று. திருப்பூருக்குப் பனியன் மட்டும் தொழிலல்ல; அனுப்பர்பாளையத்தில் பாத்திரத் தொழில் உண்டு, பித்தளையும் செம்பும் எவர்சில்வருமாக. பெரியவர் பாகுக்கு எவர்சில்வர் தூக்கும் எலுமிச்சைக்குக் கண்ணாடியும் வைத்திருந்தார். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும் என்பது பாத்திரக்கார ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மதுரை ஜிகர்தண்டாவையும் பிரித்துப் பார்த்தால் நனிசைவருக்கு வேண்டியது பாதிக்கு மேல் அதிலேயே இருக்கிறது. நன்னாரிப் பாகு செடி. பாதாம் பிசின் மரத்துப் பிசின். சில கடைகளில் சேர்க்கும் கடல்பாசி, ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் முழுகி எடுக்கும் பாசி வகைகளிலிருந்து வரக்கூடியது. குறுக்கே நிற்பவை சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும்தான். ஆனால் நிறம் போட்டுத் துண்டாக்கிய ஜெல்லி எங்கே இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: கடல்பாசியா, ஜெலட்டினா? ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது.

பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தப் புள்ளி சைவத்துக்கு. பாலும் தேனும் அதற்குள் அடக்கம். நனிசைவ உணவுக்கு என்று தனி விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2022-இல் கொண்டுவந்தது. அதற்குத் தனிச் சின்னமும் உண்டு. தெருவோரச் சிரப் பாட்டிலில் அதைத் தேடிப் பயனில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் வாங்கும் சிரப்பில் 120 என்ற எண்ணைப் பாருங்கள். அது கார்மின், கொச்சினீல் என்ற பூச்சியை நசுக்கி எடுக்கும் சிவப்பு. 122 வேறு, அது ஆலையில் செய்யும் சாயம், பூச்சி கிடையாது. சர்க்கரையைப் பற்றியும் நண்பர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் சில ஆலைகள் எலும்புக்கரியால் வெளுப்பதுண்டு. நம் ஆலைகளில் பெரும்பாலும் கந்தகப் புகை கொண்டுதான் வெளுக்கிறார்கள். அந்தக் கவலை இங்கே அவ்வளவாகத் தேவையில்லை.

சாயம் என்று வந்துவிட்டதால், திருப்பூரில் நின்றுகொண்டு அதைக் கடந்து போக முடியாது. வண்டியில் வரிசையாக நிற்கும் சிவப்பு, பச்சை, மஞ்சள் பாட்டில்களைப் பார்க்கும்போது இந்த ஊர்க்காரர்கள் மனத்தில் வேறொரு நிறம் ஓடும். நொய்யல் ஆறு பல நிறங்களில் ஓடிய காலத்தை நடுத்தர வயதுக்காரர்கள் எல்லோருமே பார்த்திருக்கிறார்கள். 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனது. கீழேயிருந்த நிலங்கள் உப்பேறிக் கெட்டன. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் மறுபடி ஓடின. துணிக்கு நல்ல நிறம் ஏற்ற இந்த மண் கொடுத்த விலை அது.

துணிச் சாயத்தின் இடம் துணிதான். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் அதன் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கும். பட்டு, காகிதம், ஊதுவத்தி போன்றவற்றுக்கான பளீர் இளஞ்சிவப்பு அது. உணவில் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அவற்றையும் பெரும்பாலான உணவுகளில் பத்து லட்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் போடக்கூடாது. அதனால் நனிசைவர் மட்டுமல்ல, குழந்தைக்குக் கோலா வாங்குகிற யாரும் இதைச் செய்யலாம்: இருட்டிலும் மின்னுகிற இளஞ்சிவப்பை ஒதுக்குங்கள். காலா கட்டா, எலுமிச்சை, நன்னாரி, இஞ்சி என்று வாங்குங்கள். உதட்டைத் துடைத்தும் சாயம் மறுநாள் வரை போகாத வண்டிக்கு மறுபடி போகாதீர்கள்.

நிறத்தைவிட முக்கியம் தண்ணீர். ஐஸ் ஆலையில் தகரப் பெட்டிகளில் தண்ணீர் நிரப்பி, பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்கி வைப்பார்கள். கட்டி முழுக்க உறைய ஒரு நாளைப்போல ஆகும். வெளியிலிருந்து உள்நோக்கி உறைவதால் தண்ணீரில் இருந்த காற்றும் உப்புகளும் நடுவில் ஒதுங்கி, ஓரம் கண்ணாடி போலவும் நடு வெள்ளையாகவும் இருக்கும். வெள்ளை என்பதற்காகவே அது அழுக்கு அல்ல. ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. குளிர் கிருமிகளைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் ஐஸ் வழியாக வரும். மீன் பெட்டிக்குப் போகும் கட்டியும் ஜூஸ் கடைக்குப் போகும் கட்டியும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால்தான் 2018-இல் மகாராஷ்டிரத்தில், உண்பதற்கல்லாத ஐஸுக்கு நீல நிறம் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். எளிமையான, அருமையான ஏற்பாடு. தமிழ்நாட்டுத் தெருக்களிலும் அது கண்ணில் படும்படி நடைமுறைக்கு வர வேண்டும்.

தண்ணீர் அருமை தெரிந்த ஊர் இது. பவானிப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாய் போட்டு இந்தத் தொழிலுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் கொண்டுவந்தது 2000-களின் நடுவில்தான். கேன் தண்ணீரில் ஐஸ் போடுகிற வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். பெருமாநல்லூர் சாலையில் ஒருவர் தன் வீட்டு ஃபிரீசரில் கேன் தண்ணீரை உறையவைத்துக் கொண்டுவந்து, கையால் சுற்றும் சக்கர மிஷினில் சீவுகிறார். விலை ஐந்து ரூபாய் கூட. கோலாக்களில் அவரிடம் சாப்பிட்டதுதான் இந்தப் பயணத்தில் மனம் நிறைந்து சாப்பிட்டது. ஐஸைக் கை படாமல் சீவினார். சிரப்பை அவர் மனைவி வீட்டில் காய்ச்சுகிறார். மாங்காய் சிரப்பில் மிளகாய்த்தூளும் உப்பும் தூவினார். வெயிலில் வேர்த்து வந்த உடம்புக்கு அந்த உப்பு எப்படி இறங்கியது என்பதை அங்கே நின்று தின்றால்தான் தெரியும்.

இனி என் ஆதங்கம். பாலின் வழவழப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த மாவட்டம் வைத்திருக்கும் பதிலை யாரும் வண்டியில் ஏற்றவில்லை. திருப்பூரிலிருந்து கிழக்கே காங்கேயம் போனால் சாலையின் இருபுறமும் களங்களில் கொப்பரை காய்கிறது. காங்கேயமும் வெள்ளகோவிலும் தேங்காய் எண்ணெய்க்குப் பெரிய சந்தை. தெற்கே உடுமலை, மடத்துக்குளம் வரை அமராவதித் தண்ணீர் பாயும் தென்னந்தோப்புகள். தேங்காய்ப்பால் இருக்கும்போது டப்பாப் பாலுக்கு எதற்குக் கை நீட்ட வேண்டும்? கொங்கில் பல ஊர்களில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் நோம்பி. தேங்காய்க்குள் வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் திணித்துக் குச்சியில் செருகித் தீயில் சுடுவார்கள். தேங்காயும் வெல்லமும் சேர்ந்த ருசி இந்த நாக்குக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஐஸோடு அதைச் சேர்க்க மட்டும் யாரும் முனையவில்லை.

கடல் தாண்டிப் போன தமிழர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் பலர் விற்கும் செண்டோல் இதுதான்: சீவிய ஐஸ், பச்சை மாவுப் புழுக்கள் போன்ற செண்டோல், தேங்காய்ப்பால், கருப்பட்டி மாதிரியான வெல்லத்தை உருக்கிய பாகு. அங்கே பால் சேர்ப்பது ஐஸ் கச்சாங்கில். செண்டோலின் அடிப்படை தேங்காய்தான். நாங்களும் அதைத் திருப்பூரில் ஒரு நண்பர் வீட்டில் நம்மூர்ப் பொருளில் செய்து பார்த்தோம். தேங்காய் அன்றே உடைத்தது. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சர்க்கரை. பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் சேர்வதால் நான் தொட முடியாது, அதன் சர்க்கரையைத் தொடலாம். வெள்ளகோவில் சாலையோரம் வாங்கிய நுங்கு. ஊறிய சப்ஜா. ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு.

ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். முதல் பாலை அப்படியே ஐஸில் ஊற்றாதீர்கள். தேங்காய்க் கொழுப்பு நம் மார்கழிக் குளிருக்கே உறைவது. ஐஸில் பட்டதும் மெழுகுத் துகளாகத் திரண்டு நாக்கில் ஒட்டும். முதல் பாலில் இரண்டாம் பாலைச் சரிபாதி கலந்து, ஒரு கரண்டி அரிசிமாவைக் கரைத்து மெல்லிய தீயில் கொதி வரும் முன் இறக்கி, ஆறவைத்து ஊற்றினால் திரளாது. வழுவழுவென்று சீவலுக்குள் இறங்கும். நாட்டுச்சர்க்கரைப் பாகைக் கடைசியில் ஊற்றுங்கள். நண்பர் வீட்டுக் கீழ்த்தளத்தில் பவர்டேபிள் என்கிற தையல் பட்டறை போட்டிருக்கிறார்கள்; டீ நேரத்தில் அங்கே தைக்கும் ஐந்தாறு பேருக்கும் ஒவ்வொரு கிண்ணம் கொடுத்தோம். ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் தேங்காயும் வெல்லமும் தங்கள் ஊர்ப் பிட்டா பலகாரத்தின் ருசி என்றான். உள்ளூர்ப் பெண் ஒருவர், "பால்கோவா ஐஸவிட இது நல்லா இருக்குதுங், பொறவு தாகம் எடுக்கறதில்லீங்" என்றார். அதில் பால் இல்லை என்பதை நாங்கள் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

ஐஸும் சர்க்கரையும் உடம்புக்கு உரமல்ல. வாரத்துக்கு ஒரு நாள், சம்பள நாளில், போதும். ஆனால் அந்த ஒரு நாள் இன்பம் எல்லோருக்கும் உரியது, பாலை விட்டவருக்கும்தான். காங்கேயம், உடுமலைப் பக்கத்துத் தென்னை உழவர் நிறுவனங்களும் இந்தத் தள்ளுவண்டிக்காரர்களும் சேர்ந்தால், வருகிற கோடைக்குள் திருப்பூரின் ஒவ்வொரு கோலா வண்டியிலும் காலா கட்டா பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்ப்பால் பாட்டில் நிற்க முடியும். தேங்காய் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் தவிக்கும் உழவருக்கு அது இன்னொரு சந்தை. வண்டிக்காரருக்கு மலாயைவிட நல்ல சரக்கு. கூட்டுறவுத் துறையோ தொழில் அமைப்புகளோ இதற்கு ஒரு கை கொடுக்கலாம்.

நீங்கள் திருப்பூர் போனால் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். கேன் தண்ணீர் ஐஸா என்று முதலில் கேளுங்கள். பிறகு, சீவத் தொடங்குவதற்கு முன்பே, "பால் வேண்டாங்" என்று சொல்லிவிடுங்கள். விலையும் குறையும்.